பனியன் கம்பெனிக்கு காட்ஸ் சான்றிதழ்: நூல் வாங்குவது முதல் லேபிள் தைப்பது வரை

"ஆர்கானிக் காட்டன் டி-ஷர்ட், காட்ஸ் லேபிளோடு வேண்டும்" என்று ஆர்டர் கொடுக்கும் பையரிடமிருந்து மெயில் வந்ததும் திருப்பூரில் பல சிறு கம்பெனிகள் முதலில் செய்வது, ஆர்கானிக் நூல் கிலோ என்ன விலை என்று மில்லுக்கு போன் போடுவது. நூல் வந்து இறங்கி, நிட்டிங் ஓடி, சாயமும் ஏறிய பிறகுதான் டையிங் யூனிட்டுக்குச் சான்று இல்லை என்பது தெரியவரும். துணி ஆர்கானிக் பஞ்சில் வந்ததுதான். ஆனாலும் அதற்கு காட்ஸ் லேபிள் கிடைக்காது. சாதாரணத் துணியாகத்தான் விற்றாக வேண்டும்.

குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்ட் என்பதன் சுருக்கமே காட்ஸ். இது டி-ஷர்ட்டைச் சோதித்துப் பார்த்துக் கொடுக்கும் சான்று அல்ல. ஜின்னிங் (பருத்தியிலிருந்து கொட்டை நீக்குவது), மில், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்துவது), பிரிண்டிங், தையல், பேக்கிங், ஏற்றுமதி என்று சரக்கு மாறும் ஒவ்வொரு கையும் சான்றுக்குள் இருக்க வேண்டும். கட்டிங், தையல், பேக்கிங்கைச் சொந்த யூனிட்டில் வைத்துக்கொண்டு மற்ற வேலைகளை ஜாப் ஒர்க்குக்கு விடும் கம்பெனிக்காக இந்த வழிகாட்டி. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால்தான் பணம் போகிறது.

படி 1: பையர் கேட்பது எந்தச் சான்று என்று எழுத்தில் வாங்குங்கள்

ஓக்கோடெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது முடிந்த பொருளில் தீங்கான ரசாயன எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது. பஞ்சு ஆர்கானிக்கா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஓசிஎஸ் என்னும் ஆர்கானிக் கன்டென்ட் ஸ்டாண்டர்ட் பஞ்சு எவ்வளவு ஆர்கானிக், அது எந்த வழியில் வந்தது என்பதை மட்டும் பார்க்கும்; சாயத்தையும் தொழிலாளர் நிலையையும் பார்க்காது. ஜிஆர்எஸ் மறுசுழற்சி இழைக்கானது. பஞ்சு, ரசாயனம், கழிவுநீர், கூலி, வேலை நேரம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது காட்ஸ். "ஆர்கானிக் சர்டிபிகேட்" என்று பையர் மொட்டையாக எழுதினால், ஓசிஎஸ் போதுமா, காட்ஸ் வேண்டுமா என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டுக்கும் செலவிலும் உழைப்பிலும் பெரிய வித்தியாசம் உண்டு.

காட்ஸில் இரண்டு கிரேடு. இழையில் 95 சதவீதமோ அதற்கு மேலோ சான்று பெற்ற ஆர்கானிக் என்றால் "ஆர்கானிக்" என்று போடலாம். 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் "இத்தனை சதவீத ஆர்கானிக் இழையால் ஆனது" என்று போடலாம். 70க்குக் கீழே போனால் லேபிளே இல்லை.

சதவீதத்தை விட முக்கியமான ஒரு விதி இருக்கிறது. ஆர்கானிக் காட்டனோடு சாதாரண காட்டனை ஒரே பொருளில் கலக்கவே கூடாது, 2 சதவீதம்கூட. இது அடிபடும் இடம் கழுத்து ரிப். உடம்புக்கு 30ஆம் நம்பர் ஆர்கானிக் நூலில் சிங்கிள் ஜெர்சி ஓட்டிவிட்டு, ரிப் துணியைச் சில்லறைக் கடையில் வாங்கி வைத்துத் தைத்துவிடுவார்கள். ஒரு பீஸில் அந்த ரிப் 8 கிராம்தான். ஆனால் அந்த 8 கிராம் சாதாரண காட்டன், மொத்த ஆர்டரையும் தள்ளுபடி ஆக்கிவிடும். அதே ரிப்பை ஆர்கானிக் நூலில் 5 சதவீத லைக்ரா போட்டு ஓட்டினால் ஒரு சிக்கலும் இல்லை. 148 கிராம் பீஸில் லைக்ரா 0.4 கிராம்தான் வரும். "ஆர்கானிக்" கிரேடு அப்படியே நிற்கும்.

கிரே மெலஞ்ச் (இழைகளைக் கலந்து சாம்பல் நிறம் காட்டும் துணி) கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். மெலஞ்சில் கலப்பது பாலியஸ்டரா, விஸ்கோஸா என்று மில்லிடம் கேளுங்கள். மறுசுழற்சி இல்லாத சாதாரண பாலியஸ்டரைக் கலப்பு இழையாக காட்ஸ் ஏற்பதில்லை. விஸ்கோஸுக்குத் தனி உச்சவரம்பு உண்டு. விலை கொடுப்பதற்கு முன்பே கலவையைச் சான்று நிறுவனத்துக்கு அனுப்பிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

படி 2: சரக்கு போகும் வழியை ஒரே தாளில் வரையுங்கள்

நூல் எங்கே வாங்குவது, நிட்டிங் யார், டையிங் யார், காம்பாக்டிங் யார், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன், அயர்னிங், கடைசியில் குடோன் என்று எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இந்த மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: சொந்தமாகச் சான்று இருக்கிறது; சான்று இல்லை, ஆனால் நம் சான்றுக்குள் சப்-கான்ட்ராக்டராகச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறார்; இரண்டும் இல்லை. மூன்றாவது வகையில் ஒருவர் இருந்தாலும் ஆளை மாற்றுங்கள். சப்-கான்ட்ராக்டராகச் சேர்த்தால் அவருடைய யூனிட்டும் ஆய்வுக்கு உள்ளாகும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும் என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

சரக்கு யாருடைய உரிமையில் இருக்கிறது என்பதையும் இதே தாளில் குறியுங்கள். நூல் உங்களுடையது, டையிங்காரருக்குக் கூலி மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால் உரிமை மாறுவதில்லை. அவரிடமிருந்து பரிவர்த்தனைச் சான்று (விற்ற சரக்கு காட்ஸ் சரக்குதான் என்று சான்று நிறுவனம் தரும் தாள்) தேவையில்லை. அவர் சான்றுக்குள் இருந்தால் போதும். முடிந்த துணியை அவரிடமே விலைக்கு வாங்கினால் அது விற்பனை, பரிவர்த்தனைச் சான்று கட்டாயம். நூல் வியாபாரி விஷயத்திலும் இப்படித்தான். கமிஷனுக்கு மட்டும் நடுவில் நிற்கும் ஏஜென்டால் சங்கிலி அறாது. தன் பெயரில் பில் போட்டு வாங்கி விற்கும் வியாபாரிக்குச் சான்று இல்லையென்றால் அங்கேயே அறுந்துவிடும். மில் எவ்வளவு பெரிய மில்லாக இருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

படி 3: டையிங்கும் பிரிண்டிங்கும்

ஆடிட்டில் அதிகம் அடிபடுவது இங்கேதான். காரணம், காட்ஸில் சாயம், துணை ரசாயனம் எல்லாமே காட்ஸ் ஒப்புதல் பெற்றவையாக இருக்க வேண்டும். "அசோ ஃப்ரீ" (தீங்கான அசோ வகைச் சாயம் இல்லை) என்று டப்பாவில் அச்சடித்திருப்பது போதாது. டையிங்காரரிடம் ரெசிபியில் உள்ள ஒவ்வொன்றுக்கும், அதாவது வெட்டிங் ஏஜென்ட், என்சைம், லெவலிங் ஏஜென்ட், சாயம், சோப்பிங் ஏஜென்ட், ஃபிக்ஸர், சாஃப்ட்னர் எல்லாவற்றுக்கும், ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். கடிதத்தில் உள்ள பெயரும் டிரம்மில் ஒட்டியிருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே கம்பெனியின் சாஃப்ட்னரில் பின்னொட்டு எழுத்து ஒன்று மாறினாலும் அது வேறு பொருள். கடிதத்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

பிளீச்சிங் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் வகையில்தான் நடக்க வேண்டும். குளோரின் ஹைப்போ கூடாது. பிரிண்டிங்கில் பிவிசி அடங்கிய பிளாஸ்டிசால், தாலேட், அரோமாடிக் சால்வென்ட் எதற்கும் இடமில்லை. நெஞ்சில் பெரிய ரப்பர் பிரிண்ட் கேட்கும் பையருக்கு, ஒப்புதல் பெற்ற பிக்மென்ட் அல்லது தண்ணீர் அடிப்படைப் பேஸ்ட்டில் சாம்பிள் போட்டுக் காட்டி, கைத்தொடுகை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வையுங்கள்.

சோதனைக்கூடத்தில் பெரும்பாலும் தோற்கும் சோதனைகள் இரண்டு. ஒன்று பிஎச். தோலில் படும் துணிக்கு 4.5 முதல் 7.5 வரை இருக்க வேண்டும். ரியாக்டிவ் சாயம் சோடா ஆஷில் ஏறுவது. கழுவலும் அசிட்டிக் அமிலம் போட்டுச் சமன்செய்வதும் அவசரமாக முடிந்தால் இழைக்குள் காரம் தங்கி, பாத் (சாயத் தொட்டித் தண்ணீர்) பிஎச் சரியாகக் காட்டினாலும் துணி 8ஐத் தாண்டிவிடும். பாத்தை மட்டும் பார்க்காமல் துணியை வெட்டி அதன் பிஎச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது ஃபார்மால்டிஹைடு. வரம்பு கிலோவுக்கு 16 மில்லிகிராம். அடர்சிவப்பு, கறுப்பு நிறங்களில் சாயம் உதிர்கிறது என்று கடைசி நேரத்தில் ஃபார்மால்டிஹைடு வகை ஃபிக்ஸரை ஊற்றினால் இது ஏறும். உதிர்வுக்குச் சரியான வைத்தியம் சோப்பிங்கை ஒழுங்காகச் செய்வது. உரசல் சோதனையில் காய்ந்த நிலைக்கு 3-4, ஈர நிலைக்கு 2 என்று கிரேடு கேட்கிறார்கள். கறுப்புக்கும் நேவிக்கும் ஈர உரசலைத் தனியாகச் சோதியுங்கள்.

கழிவுநீர் விஷயத்தில் திருப்பூர் டையிங் யூனிட்டுகள் மற்ற ஊர்களைவிட முன்னால் நிற்கின்றன. அதற்குக் கொடுத்த விலை சிறியதல்ல. நொய்யலில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றிலும் கிணறும் நிலமும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. இன்று ஆர்.ஓ., எவாப்பரேட்டர் வைத்து, தண்ணீரையும் உப்பையும் திருப்பி எடுத்து, ஒரு சொட்டும் வெளியே விடாமல் ஓட்ட வேண்டும். சுத்திகரிப்பு ஒழுங்காக நடந்தால் காட்ஸின் கழிவுநீர் விதி பாரமே இல்லை. ஆனால் பொதுச் சுத்திகரிப்பு நிலைய உறுப்பினர் அட்டை மட்டும் போதாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, ஒரு கிலோ துணிக்கு ஆன தண்ணீர், மின்சாரக் கணக்கு, சேறு எங்கே போகிறது என்ற பதிவு எல்லாவற்றையும் கேட்பார்கள். இந்த விதியை வெறும் காகிதமாக நினைக்காதீர்கள். ஆர்கானிக் பஞ்சை வாங்கிச் சாயத்தண்ணீரை ஆற்றில் விட்டால், ஒரு விவசாயியின் மண்ணைக் காப்பாற்றி இன்னொரு விவசாயியின் மண்ணைக் கெடுப்பதாகத்தான் முடியும்.

படி 4: விண்ணப்பமும் ஆடிட்டும்

காட்ஸ் அமைப்பு நேரடியாகச் சான்று கொடுப்பதில்லை. அது அங்கீகரித்த சான்று நிறுவனங்கள் கொடுக்கின்றன. பட்டியல் காட்ஸ் இணையதளத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கும்போது ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பரிவர்த்தனைச் சான்றுக்கும் எவ்வளவு, எத்தனை நாளில் தருவார்கள் என்பதையும் கேளுங்கள். சிறு சிறு ஷிப்மென்ட்டாக அனுப்பும் கம்பெனிக்கு ஆண்டுக் கட்டணத்தைவிட இதுதான் பெரிய செலவு. விதிகள் சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். 7.0 பதிப்பு 2023 மார்ச்சில் வந்தது. உங்கள் ஆடிட் எந்தப் பதிப்பின்படி என்பதைக் கேட்டு, அதையே தரவிறக்கிப் படியுங்கள்.

விண்ணப்பத்தோடு யூனிட் வரைபடம், வேலை ஓட்ட வரைபடம், பொருள் பட்டியல், சப்-கான்ட்ராக்டர் ஒப்பந்தங்கள், ரசாயனப் பட்டியல், ஆள் கணக்கு ஆகியவை போகும். பொருள் பட்டியலில் கஞ்சம் பிடிக்காதீர்கள். ஸ்கோப் சான்றில் (உங்கள் கம்பெனி எந்தெந்தப் பொருளுக்குச் சான்று பெற்றது என்று சொல்லும் தாள்) ஆண்கள் டி-ஷர்ட் மட்டும் இருந்து நீங்கள் குழந்தைகள் ரோம்பர் அனுப்பினால், அதைச் சேர்க்கும்வரை பரிவர்த்தனைச் சான்று வராது.

தொழிலாளர் பகுதியில் கேட்பவை: வயதுச் சான்று, சம்பளப் பதிவேடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்திய ரசீது, வாரம் 48 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி, தீயணைப்பு, அவசர வழி, முதலுதவி. கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் இதே கணக்குதான். குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் முடிந்தது என்றும் இல்லை. கொடுக்கும் கூலிக்கும் ஒரு குடும்பம் மரியாதையாக வாழத் தேவையான கூலிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்வார்கள்.

ஆடிட்டர் பொய்யைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. கட்டிங் ரிஜிஸ்டரைத் திறப்பார். 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, லாட் வெட்டியதாக மாஸ்டர் கையெழுத்து இருக்கும். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் அன்று விடுமுறை. உண்மையான ஓவர்டைமைப் பதிவில் காட்டி, குறைக்க என்ன செய்கிறீர்கள் என்று சொன்னால் அது திருத்தக்கூடிய குறை. இரட்டைப் பதிவேடு பிடிபட்டால் சான்றே கைவிட்டுப் போகலாம்.

குறைகளுக்குத் திருத்தம் அனுப்ப அவகாசம் தருவார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மாதம் கையில் வைத்துக்கொண்டு பையருக்குத் தேதி சொல்லுங்கள். சான்று வருவதற்கு முன் அனுப்பிய சரக்குக்கு, பின்னால் சான்று வந்தாலும் பலன் இல்லை.

படி 5: நூல் வாங்கும்போது

இந்தியாவில் விளையும் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றிய பிடி பருத்தி. ஆர்கானிக் பருத்தி, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபீடா நடத்தும் என்.பி.ஓ.பி. என்னும் தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டத்தின்கீழ் சான்று பெறுகிறது. தேவை அதிகம், விளைச்சல் குறைவு. எனவே ஏமாற்றும் அதிகம். 2020இல் இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலிச் சான்றுகளால் ஆர்கானிக் என்று காட்டப்பட்டதை காட்ஸ் அமைப்பே வெளியிட்டு, 11 கம்பெனிகளைத் தடை செய்தது. அந்தப் போலித் தாள்களில் கியூஆர் கோடும் இருந்தது. ஸ்கேன் செய்தால் அரசு அமைப்பின் தளம் போலவே செய்து வைத்த நகல் தளத்துக்குப் போனது. ஆகவே தாளில் உள்ள கியூஆர் கோடை நம்பாதீர்கள். முகவரியை நீங்களே தட்டி, காட்ஸ் பொதுத் தரவுத்தளத்தில் மில்லின் பெயரையும் சான்று எண்ணையும் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் சான்று நிறுவனத்துக்கே மெயில் போடுங்கள்.

மரபணு மாற்றம் உண்டா என்று பார்க்கும் சோதனை பஞ்சிலும் பதப்படுத்தாத நூலிலும்தான் நம்பகமாக வேலை செய்யும். பிளீச்சும் சாயமும் ஏறிய துணியில் மரபணு சிதைந்துவிடும். முடிந்த டி-ஷர்ட்டை லேபுக்கு அனுப்பி ஆர்கானிக்தான் என்று நிரூபிக்க வழியில்லை. தாள் வழியே இவ்வளவு கெடுபிடி இருப்பதற்குக் காரணம் இதுதான். சந்தேகமான நூல் என்றால் நிட்டிங்குக்கு ஏற்றும் முன் ஒரு கோனை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போதே "பில்லில் காட்ஸ் ஆர்கானிக் என்று குறிப்பும், எங்கள் கம்பெனி பெயருக்குப் பரிவர்த்தனைச் சான்றும் தர வேண்டும்" என்று எழுதிவிடுங்கள். அந்தச் சான்று வரும்வரை நூல் தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது நல்லது. முழுப் பணமும் போன பிறகு அதற்காக அலைய வேண்டியிருக்கும்.

படி 6: ஃப்ளோரில் பிரிப்பதும் எடைக் கணக்கும்

ஆர்கானிக் லாட்டுக்குத் தனி ரேக், தனி நிற லாட் கார்டு. பச்சை கார்டு இல்லாத ரோல் கட்டிங் டேபிளுக்கு ஏறக் கூடாது என்று ஒரே விதி வைத்தால் புதிதாக வந்த ஆளுக்கும் புரியும். நிட்டிங்கில் முந்தைய லாட்டின் மிச்ச நூல் மெஷினில் தொங்கிக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

எடைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோ நூல். நிட்டிங் சேதம் 1 சதவீதம் என்றால் 990 கிலோ. டையிங்கில் 6 சதவீதம் போனால் சுமார் 930. கட்டிங் வேஸ்ட் 15 சதவீதம். மீதி 791 கிலோ. பீஸ் 150 கிராம் என்றால் சுமார் 5,270 பீஸ். இந்த 1,000 கிலோவைக் காட்டி 6,000 பீஸுக்குச் சான்று கேட்டால் தைத்த பீஸ்களே 900 கிலோ வரும்; கணக்கு உதைக்கும். உங்கள் கட்டிங் வேஸ்ட் உண்மையில் எவ்வளவு என்பதை லாட்டுக்கு லாட் எடைபோட்டு எழுதுங்கள். எல்லா லாட்டுக்கும் 15 என்று ஒரே எண்ணை நிரப்பினால் ஆடிட்டர் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

படி 7: பரிவர்த்தனைச் சான்று

இதை எல்லோரும் டிசி என்பார்கள். திருப்பூரில் டிசி என்றால் டெலிவரி சலானும்தான். அக்கவுன்ட்ஸ் பெண்ணிடம் "மில் டிசி வந்துதா" என்று கேட்டு, அவர் சலானை ஃபைல் செய்து வைத்திருக்க, மாதக் கடைசியில் சான்று இல்லை என்று தெரியவருவது சாதாரணமாக நடப்பது. ஒன்றுக்கு "சலான்", மற்றதுக்கு "டிரான்சாக்ஷன்" என்று முழுப்பெயர் சொல்லிப் பழக்குங்கள்.

ஷிப்மென்ட் போனதும் நீங்கள் உங்கள் சான்று நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் ஆவணம், மில் தந்த பரிவர்த்தனைச் சான்று, ஜாப் ஒர்க் சலான்கள் சேர்ந்து போகும். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம் எடை. மொத்த எடை, நிகர எடை, சான்றுக்கு உரிய எடை என்று மூன்று இருக்கும். பேக்கிங் லிஸ்ட்டில் அட்டைப்பெட்டியும் பாலிபேக்கும் சேர்ந்த எடையை நிகர எடைக் கட்டத்தில் போட்டுவிடுவார்கள். பட்டன், ஜிப் எடையைக் கழிக்கவும் மறப்பார்கள். பேக்கிங் நாளில் வெறும் பீஸ் பத்தைத் தராசில் வைத்து ஒரு சராசரி எழுதி வைத்தால் பிறகு அலைச்சல் இல்லை. இன்வாய்ஸில் பொருளின் பெயரும் ஸ்கோப் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

படி 8: லேபிள்

லேபிளை அச்சுக்குக் கொடுக்கும் முன் டிசைனைச் சான்று நிறுவனத்துக்கு அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். காட்ஸ் முத்திரை, கிரேடு, சான்று நிறுவனத்தின் பெயர், உரிம எண் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். உரிம எண் யாருடையது என்பதைப் பையரோடு முன்பே பேசுங்கள். அவருக்குச் சொந்தச் சான்று இருந்து அவர் எண்ணைப் போடச் சொன்னால், ஒப்புதலும் அவர் தரப்பிலிருந்து வர வேண்டும். மிஞ்சிய லேபிள்களை எண்ணிப் பூட்டி வையுங்கள். சாதாரண ஆர்டரில் ஒரு கட்டு லேபிள் தவறிச் சேர்ந்துவிட்டால் அது முறைகேடாகத்தான் பார்க்கப்படும்.

ஹேங்டேக், அட்டைப்பெட்டித் தாள் மறுசுழற்சித் தாளாகவோ எஃப்எஸ்சி போன்ற வனச்சான்று பெற்றதாகவோ இருக்க வேண்டும். பேக்கிங்கில் பிவிசி கூடாது. ஹேங்டேக்கில் சொந்தமாக ஓர் இலைப்படம் வரைந்து "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று எழுதும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 உத்தரவு 2026 செப்டம்பர் 27 முதல், நிரூபணம் இல்லாத இப்படிப்பட்ட பொதுவாசகங்களையும், முறையான சான்றுத் திட்டமோ அரசோ பின்னால் இல்லாத முத்திரைகளையும் தடை செய்கிறது. இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதே நோக்கில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது.

ஸ்கோப் சான்றுக்கு ஆயுள் பொதுவாக ஓர் ஆண்டு. முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிப்பு ஆடிட் தேதி வாங்குங்கள். பழையது முடிந்து புதியது வருவதற்குள் ஒரு வாரம் விழுந்தாலும் அந்த வாரத்து ஷிப்மென்ட் மாட்டிக்கொள்ளும். உங்கள் சப்-கான்ட்ராக்டர்களின் சான்று முடியும் தேதிகளையும் அதே காலண்டரில் குறித்துச் சுவரில் மாட்டுங்கள். டையிங்காரர் தன் தேதியை உங்களுக்கு நினைவுபடுத்த மாட்டார்.

கடையில் வாங்குபவர் உங்கள் டி-ஷர்ட்டை எப்படிச் சோதிப்பார் என்று நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். லேபிளில் உள்ள உரிம எண்ணை காட்ஸ் பொதுத் தரவுத்தளத்தில் தட்டினால் கம்பெனி பெயர், பொருள் வகை வர வேண்டும். எண்ணில் ஓர் இலக்கம் அச்சுப்பிழையாக இருந்தாலும் ஒன்றும் வராது. வாங்குபவர் போலி என்றுதான் நினைப்பார். அச்சான முதல் ரோலிலிருந்து ஒரு லேபிளை எடுத்து, அதைப் பார்த்தே எண்ணைத் தட்டிச் சரிபார்த்த பிறகு மீதியைத் தையலுக்கு அனுப்புங்கள்.